மாட்டுக்கு ஒரு டப்பா ஹைப்போ

புதிதாகக் கால்நடை மருத்துவர் வேலைக்கு வந்திருக்கும் உங்களில் பாதிப் பேர், ஆன்லைன் வகுப்பில் பெயரைப் பதிந்துவிட்டு, கேமராவை அணைத்துவிட்டு, அடுப்படியில் தோசை சுட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். கோபமில்லை. எங்களுக்கும் அந்த வசதி இருந்திருந்தால் நானும் தோசைதான் சுட்டிருப்பேன். எங்கள் வகுப்பில் வாத்தியார் முழங்கால் இடிக்கிற தூரத்தில் எதிரே உட்கார்ந்திருப்பார். கொட்டாவி வந்தால் அவருடைய கண்ணைப் பார்த்துக்கொண்டேதான் விட வேண்டும்.

எண்பதுகளில் என் முதல் வேலை தருமபுரி பக்கத்து நல்லம்பள்ளியில், கால்நடை மருந்தகத்தில். நான் திண்டுக்கல் பக்கத்துக்காரி. மாட்டைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள் என்னைப் பார்த்துவிட்டு, என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார்கள்.

"டாக்டர் இல்லீங்களா?"

"நான்தாங்க டாக்டர்."

"சரிங்கம்மா. அவரு வந்தா சொல்லுங்க, அப்புறமா வர்றேன்."

இப்படியே முதல் சில மாதங்கள் போயின. பிறகு ஒரு எருமையின் வயிற்றில் குறுக்கே மாட்டிய கன்றை நான் தோள்வரை கையை விட்டுத் திருப்பி எடுத்ததை ஊரே சுற்றி நின்று பார்த்தது. அதற்குப் பிறகு யாரும் தோளுக்குப் பின்னால் பார்க்கவில்லை.

படிப்பை முடித்து வேலைக்கு வந்துவிட்டால், புதிதாக எதையும் தெரிந்துகொள்ள எங்களுக்கு வழி குறைவு. கையில் இருப்பது கல்லூரிப் புத்தகம். வெளியூரிலிருந்து வரும் சஞ்சிகை, அதில் எழுதியிருக்கும் நோய் முடிந்த பிறகு வந்து சேரும். அதனால் சுற்றுவட்டாரத்து மருத்துவர்கள் எல்லாம் சேர்ந்து ஓர் ஏற்பாடு செய்திருந்தோம். மாதம் ஒரு சனிக்கிழமை தருமபுரியில் கூட வேண்டும். யாராவது ஒருவர் வெளியூருக்குப் பயிற்சிக்குப் போய் வந்தால், கற்று வந்ததை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

நல்ல ஏற்பாடுதான். ஒரே ஒரு சங்கடம், பயிற்சிக்குப் போகத் தயாராக இருந்தது எப்போதும் ஒரே ஆள். பென்னாகரத்து டாக்டர். பெயரைச் சொல்ல மாட்டேன், பென்னாகரத்தார் என்றே வைத்துக்கொள்வோம்.

அவருக்கு எதையும் நடுவிலிருந்து சொல்லத் தெரியாது. உண்ணிக் காய்ச்சலுக்கு என்ன மருந்து என்று கேட்டால், உண்ணி எப்படி முட்டையிடுகிறது என்பதில் ஆரம்பிப்பார். பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டால்கூட, அந்த வழித்தடம் முன்பு எப்படிப் போனது என்று சொல்லிவிட்டுத்தான் நேரத்துக்கு வருவார். தங்கமான மனிதர். ஆனால் அவர் கரும்பலகைப் பக்கம் திரும்பியதும் பாலக்கோட்டு டாக்டர் கைக்கடிகாரத்தைக் காதில் வைத்து, ஓடுகிறதா என்று பார்ப்பார். நாங்கள் எல்லாம் முந்தானையாலும் கைக்குட்டையாலும் வாயை மூடிக்கொள்வோம்.

ஒரு சனிக்கிழமை, தீவனத்தால் வரும் விஷம் என்பது தலைப்பு. பென்னாகரத்தார் செடிகள் ஏன் விஷத்தை உண்டாக்கிக்கொள்கின்றன என்பதில் தொடங்கினார். அவர் சோளத்துக்கு வந்து சேர்வதற்குள் எங்களுக்குப் பசி வந்துவிட்டது. சோளம் காய்ந்து குன்றிப்போய், பிறகு ஒரு மழைக்கு அடிக்கட்டையிலிருந்து புதிதாகத் துளிர்க்கும்போது அந்தக் குருத்தில் சயனைடு ஏறும். மாடு தின்றால் மூச்சுத் திணறும், விழும், சாகும். ரத்தம் வழக்கத்தைவிடச் சிவப்பாக இருக்கும். அதற்கு ஊசி உண்டு. இவ்வளவையும் சொல்லிவிட்டு, அவர் சாக்பீஸைக் கீழே வைத்தார்.

"இதுல முக்கியமான விஷயத்துக்கு இப்பத்தான் வர்றேன். நம்ம ஆஸ்பத்திரியில இந்த ஊசி மருந்து ஒரு மாட்டுக்கோ ரெண்டு மாட்டுக்கோதான் இருக்கும். கூட்டமா பத்து மாடு தின்னுட்டு வந்து நின்னா என்ன பண்றதுன்னா..."

அப்போது கதவைத் திறந்துகொண்டு பிரியாணிப் பொட்டலம் வந்தது.

பாலக்கோட்டார் எழுந்தேவிட்டார். "சார், சாப்பிட்டு வந்து கேட்டா இன்னும் நல்லா மனசுல நிக்கும்."

சாப்பிட்டோம். கை கழுவப் போனவர்கள் அப்படியே பஸ் ஸ்டாண்டுக்குப் போனார்கள். பென்னாகரத்தாரும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டார். அந்த "என்ன பண்றதுன்னா" அந்த அறையிலேயே நின்றுபோனது.

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டு, எல்லோரும் கைவிட்ட பிறகு ஒரு வாரம் தூறியது. அறுத்துவிட்ட சோளக்காட்டில் கட்டைகள் எல்லாம் பச்சையாகத் துளிர்த்தன. காய்ந்து கிடந்த பூமியில் அந்தப் பச்சையைப் பார்த்தால் மனுஷருக்கே வாயில் வைக்கத் தோன்றும்.

ஒரு நாள் மத்தியானம் பக்கத்துக் கிராமத்து ஆள் ஒருவர் சைக்கிளை மருந்தக வாசலில் போட்டுவிட்டு ஓடி வந்தார்.

"டாக்டரம்மா, எங்கூரு மாதப்பனோட மாடுங்க பொத்து பொத்துன்னு உழுவுதுங்க! முனிராஜு காட்டுல பூந்து மேஞ்சுதுங்களாம். ஒண்ணு செத்தே போச்சுங்க!"

"காட்டுல என்ன பயிரு?"

"பயிரெல்லாம் ஒண்ணுமில்லீங்க. சோளம் அறுத்த கட்டைதான்."

எங்கள் கம்பவுண்டர் ராஜேந்திரன் அதற்குள் அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டார். தஞ்சாவூர்க்காரர், எந்த நெருக்கடியிலும் குரலை உயர்த்தாதவர்.

"மேடம், ரெண்டு மாட்டுக்கு வரும். மூணாவதுக்கு வராது."

பையைக் கட்டச் சொல்லிவிட்டு, பக்கத்திலிருந்த ஒன்றிய அலுவலகத்துக்கு ஓடினேன். அங்கேதான் போன். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்த பெண்ணிடம், மாடுகள் செத்துக்கொண்டிருக்கின்றன, பென்னாகரம் மாட்டாஸ்பத்திரி உடனே வேண்டும் என்று கத்தினேன். என் குரலில் என்ன இருந்ததோ, அந்தப் பெண் உடனே இணைப்புக் கொடுத்துவிட்டாள்.

"ஹலோ, சார், நல்லம்பள்ளியிலேருந்து பேசறேன்."

"அடடே, சொல்லும்மா. சௌக்கியமா? அங்க மழை எப்படி?"

"சார், ஒரு கூட்டமே சோளக்குருத்தைத் தின்னுடுச்சு. ரெண்டு மாட்டுக்குத்தான் ஊசி இருக்கு. மீதிக்கு என்ன பண்றது? அன்னிக்கு பிரியாணி வந்துச்சே சார், அந்த இடம்!"

மறுமுனையில் சத்தமில்லை. லைன் போய்விட்டது என்று நினைத்தேன். அவர் எங்கே தொடங்கலாம் என்று யோசித்திருக்கிறார்.

"அதாவதும்மா, இந்தச் சோளத்தை எடுத்துக்கிட்டோம்னா, முதல்ல இதோட விஷம் எப்படி உண்டாகுதுன்னு..."

"சார்!"

நடுவில் இன்னொரு குரல் புகுந்தது. எக்ஸ்சேஞ்சுப் பெண். "சார், மாட்டுக்கு என்ன குடுக்கணும்னு மட்டும் சொல்லுங்க சார்! அவங்க பாவம்!"

என் வாழ்நாளில் அவர் சுருக்கமாகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"ஹைப்போ. போட்டோ கழுவற உப்பு, ஸ்டுடியோவுல இருக்கும். அதுவும் உன் ஊசி மருந்தும் ஒரே சரக்கு. தண்ணியில கரைச்சு, நிக்கிற மாட்டுக்கெல்லாம் வாயில ஊத்து. பெரிய மாட்டுக்கு ஒரு பிடி. படுத்த மாட்டுக்கு வாயில ஊத்தாதே, நுரையீரலுக்குப் போயிடும். அதுக்கு ஊசி. அப்புறம் ஊசி போட்ட மாடு எழுந்திரிச்சதும்..."

லைன் போனது. இந்த முறை நிஜமாகவே போனது.

ராஜேந்திரனின் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்தேன். ஸ்டுடியோ போகிற வழியில்தான். நல்லம்பள்ளிக்கு இருந்தது அந்த ஒன்றுதான். கடை திறந்து கிடந்தது, ஆள் இல்லை. இருட்டறைக் கதவு மட்டும் உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினேன்.

"திறக்காதீங்க! திறக்காதீங்க! பொண்ணும் மாப்பிள்ளையும் உள்ள இருக்காங்க!" என்று ஸ்டுடியோ அந்தோணியின் குரல் அலறியது.

ராஜேந்திரன் என்னைப் பார்த்தார். நான் ராஜேந்திரனைப் பார்த்தேன்.

"பிலிம்ல இருக்காங்க!" என்று குரல் விளக்கம் சொன்னது. "கல்யாண போட்டோ கழுவிட்டிருக்கேன். வெளிச்சம் பட்டா தாலி கட்டுனது போயிடும்!"

கதவோடு வாயை ஒட்டிவைத்துப் பேசினேன். "அந்தோணி, நான் மாட்டு டாக்டர். ஹைப்போ வேணும். மாடு சாகுது!"

"மாட்டுக்கு எதுக்குங்க ஹைப்போ? போட்டோ எடுக்கப் போறீங்களா?"

"மருந்துக்கு!"

"அருவி படுதாவுக்குப் பின்னால தகர டப்பா இருக்குதுங்க. எடுத்துக்குங்க. ஆனா முழுசா எடுத்துடாதீங்க, இவங்களையும் நான் காப்பாத்தணும்!"

ஒகேனக்கல் அருவியை நீலமும் வெள்ளையுமாக வரைந்த படுதாவைத் தூக்கினேன். டப்பா இருந்தது. படிகாரம் மாதிரி வெள்ளைக் கட்டிகள். கல்யாணத்துக்கு எவ்வளவு வேண்டுமோ தெரியாது. இரண்டு பிடி அள்ளி மேஜையில் ஒரு பேப்பரில் வைத்துவிட்டு, டப்பாவோடு கிளம்பினேன்.

மாதப்பன் வீட்டுக்குப் பின்னால் இருந்த களத்தில் ஊரே நின்றது. ஒரு மாடு செத்திருந்தது. மூன்று படுத்துக் கிடந்தன. மீதி ஐந்தாறு மாடுகள் நின்றபடி நடுங்கிக்கொண்டு, வாயைத் திறந்து மூச்சு வாங்கின. இவ்வளவுக்கும் நடுவில் மாதப்பன், பக்கத்துக் காட்டுக்காரர் முனிராஜின் கழுத்துத் துண்டை முறுக்கிப் பிடித்திருந்தார். ரெண்டு பேருக்கும் வரப்புத் தகராறு என்பது பின்னால்தான் எனக்குத் தெரிந்தது.

"இவன்தாங்க பூச்சி மருந்து அடிச்சு வெச்சிருக்கான்! வேணும்னே வெச்சிருக்கான்! இன்னிக்கி இவன உடமாட்டேன்!"

கூட்டத்தில் நாலு பேர் கம்போடு இருந்தார்கள். ராஜேந்திரன் என் காதருகே வந்து, "மேடம், பூச்சி மருந்துன்னா வேற ஊசியாச்சே. அதை எடுக்கட்டுமா?" என்றார்.

இந்த இடத்தைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். ஒரு ஊரே ஒரு நோயின் பெயரைச் சொல்லிக் கத்தும்போது, அந்தப் பெயர் உங்கள் வாயிலும் வந்துவிடும். அதுவும் நீங்கள் சின்ன வயசு, வெளியூர், பெண் என்றால் இன்னும் சீக்கிரம் வரும். நான் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, படுத்திருந்த மாட்டின் உதட்டைத் தூக்கினேன். ஈறு செம்பருத்திப் பூ மாதிரி சிவந்திருந்தது. கண்ணைப் பார்த்தேன். கண்பாப்பா நன்றாக விரிந்திருந்தது. பூச்சி மருந்து என்றால் அது ஊசிமுனையாகச் சுருங்கியிருக்கும். மாட்டின் கடைவாயில் கையை விட்டு, மெல்லாத சோளக்குருத்தை ஒரு கொத்து வெளியே எடுத்தேன்.

"இது பூச்சி மருந்து இல்லீங்க. இந்தக் குருத்துதான் விஷம். யாரும் வைக்கல."

மாதப்பன் கையைத் தளர்த்தவில்லை. முனிராஜ் வீட்டில் கன்னடம் பேசுவார்கள். அந்த மனுஷருக்குப் பயத்தில் தமிழ் மறந்துவிட்டது. என்னைப் பார்த்துக் கைகூப்பி, "நானு ஏனூ மாடில்லம்மா! ஏனூ மாடில்ல!" என்றார்.

எனக்குக் கன்னடம் ஓர் எழுத்துத் தெரியாது. சுற்றிலும் மாடுகள் விழுந்து கிடக்கின்றன. எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது.

"என்னங்க மாடில்லைன்னு சொல்றீங்க? இத்தனை மாடு கண்ணு முன்னால கெடக்குதே!"

கூட்டத்தில் யாரோ ஒரு பெண் பக்கென்று சிரித்துவிட்டாள். மாதப்பன், துண்டைப் பிடித்த கையோடு, என் பக்கம் திரும்பிப் பொறுமையாக விளக்கினார்.

"அது இல்லீங்க டாக்டரம்மா. கன்னடத்துல 'மாடில்ல'ன்னா 'செய்யல'ன்னு அர்த்தம். நான் ஒண்ணும் செய்யலங்கறான்."

"சரி, அவரே சொல்றாரு, நீங்களும் மொழிபெயர்த்துட்டீங்க. இப்ப அவர உடுங்க. எனக்கு மாடு பிடிக்க ரெண்டு பேரு வேணும்."

துண்டை விட்டுவிட்டார். மொழிபெயர்த்த வாயால் மறுபடியும் அடிக்கப் போக முடியவில்லை போலிருக்கிறது. முனிராஜ் துண்டைச் சரிசெய்துகொண்டு, நேராகப் போய் முதல் மாட்டின் மூக்கைப் பிடித்துத் தலையைத் தூக்கினார்.

நின்ற மாடுகளைக் கவனிக்க ராஜேந்திரனை விட்டேன். குடத்துத் தண்ணீரில் ஹைப்போவைக் கரைத்து, மூங்கில் குழாயால் ஊற்ற ஆரம்பித்தார். நான் படுத்திருந்த மூன்றின் பக்கம் போனேன்.

மூன்று மாடு. இரண்டு மாட்டுக்கு மருந்து. அதில் ஒரு செவலை மாடு, நல்ல கறவை. அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு மாதப்பன் மனைவி பச்சையம்மாள் உட்கார்ந்திருந்தார். செவலையின் கண்ணைத் தொட்டேன், இமைக்கவில்லை. மூச்சு நின்று நின்று, நாம் மறந்துபோகிற அளவுக்கு இடைவெளி விட்டு வந்தது. நான் எழுந்து அடுத்த மாட்டுக்கு நகர்ந்தேன்.

"ஆத்தா, இதுக்குப் போடாம போறீங்களே!"

"இது தாங்காதுங்க."

"நீங்க போட்டுப் பாருங்க. எம்பையனுக்குப் பால் குடுத்த மாடுங்க இது. போட்டுட்டுச் சொல்லுங்க தாங்காதுன்னு!"

என் சேலையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கையை விலக்கியது எனக்கு இன்றும் ஞாபகம் இருக்கிறது. கன்றுக்குட்டியைத் திருப்பி எடுப்பதைவிட அது கஷ்டமாக இருந்தது. மற்ற இரண்டுக்கும் ரத்தக் குழாயில் ஊசி போட்டேன். மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும். பின்னால் பச்சையம்மாள் அழுகிற சத்தம். இரண்டாவது மாட்டுக்கு ஊசி முடியும்போது செவலை அடங்கிவிட்டது.

ஊசி போட்ட மாடுகளில் ஒன்று தலையைத் தூக்கியது. காதை ஆட்டியது. பின்னங்காலை ஊன்றி எழுந்தே விட்டது. கூட்டம் கைதட்டியது. "டாக்டரம்மா கை, கைதான்!" என்றார் ஒருவர். நானும் கொஞ்சம் நிமிர்ந்து நின்றேன், மறைப்பானேன்.

கொஞ்ச நேரத்தில் அந்த மாடு மறுபடி தள்ளாடி, முன்னங்காலை மடித்து உட்கார்ந்தது.

கைதட்டியவர்கள் எல்லாம் இப்போது என் முகத்தைப் பார்த்தார்கள். மருந்து தீர்ந்துவிட்டது. அப்போதுதான் அறுந்துபோன அந்தப் போன் பேச்சின் கடைசி வார்த்தை காதில் கேட்டது. ஊசி போட்ட மாடு எழுந்திரிச்சதும். எழுந்ததும் என்ன? ரத்தத்தில் இருந்த விஷத்துக்கு ஊசி போட்டாயிற்று. ஆனால் தின்ற குருத்து எங்கே போனது? அது இன்னும் வயிற்றில்தான் கிடக்கிறது. கிடந்து, ஊறி, விஷத்தை விட்டுக்கொண்டே இருக்கிறது.

"ராஜேந்திரன், இதுக்கும் ஹைப்போ! தலை நிக்கும்போதே! சீக்கிரம்!"

மாதப்பன் ஒரு பக்கமும் முனிராஜ் ஒரு பக்கமும் கழுத்தைத் தாங்கிப் பிடிக்க, கொஞ்சம் கொஞ்சமாக விழுங்க வைத்தோம். இன்னொன்றுக்கும் தலை நிமிர்ந்ததும் கொடுத்தோம். பிறகு காத்திருந்தோம். மருத்துவத்தில் உங்களுக்கு யாரும் சொல்லித்தராத பாகம் அந்தக் காத்திருப்புதான். சும்மா நிற்கிறோம் என்று தெரியாமல் இருக்க, ஏற்கனவே பார்த்த ஈறையே நாலு தரம் பார்த்தேன்.

பொழுது சாய்கிற நேரத்துக்கு இரண்டும் எழுந்து நின்றன. இந்த முறை விழவில்லை. நின்றபடி மருந்து குடித்தவற்றில் ஒன்றுகூடச் சாகவில்லை. அதற்குள் ஸ்டுடியோ அந்தோணி, கழுத்தில் கேமராவோடு சைக்கிளில் வந்து சேர்ந்தார். பொண்ணும் மாப்பிள்ளையும் பிழைத்துவிட்டார்களாம். பிழைத்த மாடுகளோடு எல்லோரையும் நிற்க வைத்து, கேமராவைக் கண்ணில் வைத்தவர், மெல்லக் கீழே இறக்கினார்.

"எடுத்துடலாங்க. கழுவறதுக்குத்தான் ஹைப்போ இல்ல."

அதனால் அந்தப் படம் உலகத்தில் இல்லை. நான் சொல்வதை நீங்கள் நம்பித்தான் ஆக வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. இதைக் கேட்டுவிட்டு யாரும் ஹைப்போ தேடி ஸ்டுடியோவுக்குப் போகாதீர்கள். இப்போது அங்கே கம்ப்யூட்டர்தான் இருக்கும். முறையான மருந்தை முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

பச்சையம்மாள் அதற்குப் பிறகு வெகுநாள் என்னோடு பேசவில்லை. மாட்டுக்கு ஏதாவது என்றால் என்னிடம்தான் ஓட்டி வருவார். ஆனால் நோயைப் பற்றி ராஜேந்திரனிடம் சொல்வார், ராஜேந்திரன் என்னிடம் சொல்வார். நான் மூன்றடி தூரத்தில்தான் நிற்பேன். அவரைப் பொறுத்தவரை நான் செவலைக்கும் அந்த ஊசியைப் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். நான் செய்தது சரி என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. சரியாகச் செய்தால் எல்லோரும் நம்மிடம் சிரித்துப் பேசுவார்கள் என்ற எண்ணம் மட்டும் அன்றோடு போனது.

அடுத்த சனிக்கிழமைக் கூட்டத்தில் பென்னாகரத்தார் சாக்பீஸை என் கையில் கொடுத்துவிட்டு, என் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். நடந்ததை எல்லாம் சொன்னேன். யாரும் கடிகாரத்தைக் காதில் வைக்கவில்லை. முடித்ததும் பாலக்கோட்டார் கையைத் தூக்கினார்.

"ஒரு சந்தேகம். உங்ககிட்ட டப்பா நிறைய ஹைப்போ இருந்துச்சு. ஊசி மருந்து தீர்ந்துபோச்சு. அந்த ஹைப்போவையே கரைச்சு ஊசியா போட்டிருந்தா, செவலையும் பிழைச்சிருக்குமோ?"

எனக்கும் அந்தக் கேள்வி பல நாளாக இருந்தது. நான் பென்னாகரத்தாரைப் பார்த்தேன். எல்லோரும் அவரைத்தான் பார்த்தார்கள். இதற்குச் சாயங்காலம் வரை பதில் வரும் என்று நாற்காலியில் சாய்ந்தும் உட்கார்ந்தாயிற்று.

அவர் வாயைத் திறந்தார். மூடினார். "தெரியலையே," என்றார்.

அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு அந்த அறையில் யாருக்கும் வாய் மூடவில்லை. சுத்தமில்லாத மருந்து ரத்தத்தில் போனால் என்ன ஆகும், சாகப்போகிற மாட்டுக்கு அதைப் பார்க்க வேண்டுமா, கொதிக்கவைத்து வடிகட்டினால் போதாதா என்று ஆளுக்கு ஒரு பக்கம் பேசினோம். எழுந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போதும் பேசினோம். பாலக்கோட்டு பஸ் கிளம்பியபோது பாலக்கோட்டார் ஜன்னலில் தலையை நீட்டி, "கொதிக்கவெச்சா கிருமி செத்துடும் இல்ல!" என்று கத்தினார்.

பென்னாகரத்தார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பஸ்ஸோடு நாலு எட்டு ஓடினார்.

"கிருமி சாகும்யா! கலப்படம் எங்கய்யா போகும்?"